கொழுந்து கூடும், விதை குறையும்: மலையகத் தேயிலையின் பரம்பரைக் கணக்கு

தேயிலை பூக்கும் என்பதே வடக்கு, கிழக்கில் பலருக்குத் தெரியாது. கிழமைக்கொரு முறை கொழுந்து கிள்ளப்படும் செடிக்குப் பூக்க அவகாசமில்லை. தலவாக்கலைக்கும் ஹற்றனுக்கும் இடையே, கவ்வாத்துக் காணாமல் மரமாகிவிட்ட மலைகளில்தான் நான் அந்த வெள்ளைப் பூவையும் காயையும் நிறையப் பார்த்தேன்.

தேயிலை தன் மகரந்தத்தால் தானே கருக்கட்டுவது மிக அரிது. வேறொரு செடியின் மகரந்தம் வேண்டும். ஆகவே ஒவ்வொரு விதையும் ஒரு புதுக் கலவை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தொடங்கிய பின், ஏறத்தாழ எழுபது, எண்பது வருடங்கள் மலையகம் விதையாலேயே நடப்பட்டது. அந்தப் பழைய மலைகளில் ஒரு தூர் போல் இன்னொன்று இராது. கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு அது விரல் நுனியிலேயே தெரியும்.

பிறகு வந்தது வி.பி. தேயிலை. ஓர் இலையும் கணுவும் உள்ள தண்டை வெட்டி வேர்விடச் செய்வது. 1925இல் உருவான தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்திலிருந்து பல வகைகளை வெளியிட்டது. மிகப் பிரபலமானது டி.ஆர்.ஐ. 2025 (ஆண்டு அல்ல, இலக்கம்). அதன் 2000 வரிசை, 1937இல் அசாமிலிருந்து வந்த ஏ.எஸ்.எம். 4/10 என்ற ஒரே தாய்ச்செடியின் விதைகளிலிருந்து பிறந்தது. மலைகள் வேறு வேறு, குடும்பம் ஒன்று.

சாதாரணத் தேயிலையின் கலத்தில் 30 நிறமூர்த்தங்கள், அதாவது 15 கொண்ட இரண்டு தொகுதிகள். சில செடிகளில் மூன்று தொகுதிகள், 45 இருக்கும். இவை மும்மடியங்கள். ஒடுக்கற்பிரிவில் இரண்டு தொகுதிகள் சோடி சேர, மூன்றாவது ஒழுங்கில்லாமல் சிதறும். அதனால் மகரந்தமும் சூலும் பெரும்பாலும் மலடாகும். ஆனால் இலை பெரிது, வளர்ச்சி வேகம். தென்னிந்தியாவின் 'சுந்தரம்', அசாமின் டி.வி. 29 இரண்டும் இவ்வகை. இவை பொதுவாக விளைச்சலுக்குப் பேர்போனவை, கோப்பைச் சுவைக்கு அல்ல.

மும்மடியம் இயற்கையிலும் தோன்றும். 60 உள்ள செடியை 30 உள்ளதோடு கலந்தும் பெறலாம். அந்த 60ஐ உண்டாக்கும் மருந்து கொல்கிசின். அது இருப்பது எங்கே தெரியுமா? நம் கார்த்திகைப்பூவின் விதையிலும் கிழங்கிலும். பிரியும் கலத்தில் கதிர் உருவாகாமல் அது தடுக்க, இரட்டித்த நிறமூர்த்தங்கள் ஒரே கலத்தில் தங்கிவிடும். இதற்காகவல்ல, மருந்துக்காகவே தமிழ்நாட்டில் திண்டுக்கல், திருப்பூர்ப் பக்கம் இதைப் பயிரிடுகிறார்கள்.

கொழுந்துக்கு மட்டும் வளர்க்கும் தோட்டத்துக்கு மலட்டுத்தன்மை நட்டமில்லை, தண்டு போதும். நாளை புதிய நோய் வந்தால்தான் சிக்கல். மலட்டுச் செடியைப் பெற்றோராக்குவது கடினம், உடன்பிறப்புகளின் கலப்பில் புதிதாகக் கிடைப்பதும் கொஞ்சம். 1869இல் துரு நோய் வந்து, இந்த மலைகளில் நின்ற கோப்பியை ஒரு தலைமுறைக்குள் அழித்தது. அராபிகா கோப்பி நான்கு தொகுதி உடையது, தானே கருக்கட்டுவது, செடிக்குச் செடி வேறுபாடு குறைந்தது. 1946இல் கொப்புள நோய் வந்தபோது விதைத் தேயிலையில் எல்லாத் தூரும் ஒரே அளவில் பாதிக்கப்படவில்லை.

விதைத் தேயிலையைப் பிடுங்காதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. கிலோ குறைந்தால் அரைப்பேர் விழும் பெண்ணுக்கு வி.பி. மலைதான் கூடையை நிரப்புகிறது. ஆனால் பெப்ரவரி வரட்சியில் எந்தத் தூர் கடைசிவரை பச்சையாக நிற்கிறது என்பதும் அவருக்குத்தான் தெரியும். பிடுங்குமுன் அவரிடம் கேட்டு, அந்தத் தூரிலிருந்து நாலு தண்டை நாற்றுமேடையில் வைப்பதற்குப் பெரிய செலவில்லை.