வண்டு வந்த கதை



செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்த பாட்டிமார் யாராவது வீட்டில் இருந்தால், "பூவுக்குப் பவுடர் அடிச்சிருக்கீங்களா பாட்டி?" என்று கேட்டுப் பாருங்கள். 1981க்கு முன்பு பல தோட்டங்களில் அது ஒரு தனி வேலை. செய்தவர்களில் பெண்கள் நிறைய. ஆண் பூவின் மகரந்தத்தை உலர்த்தி, டால்க் பவுடரோடு கலந்து, நிரை நிரையாகப் போய்ப் பெண் பூவின்மேல் ஊத வேண்டும். பெண் பூ பக்குவமாக இருப்பது இரண்டு மூன்று நாள்தான். ஆகவே போன நிரைக்கே திரும்பத் திரும்பப் போக வேண்டும். முள்ளு குத்தும், மழை பெய்யும், பூ காத்திருக்காது.

இந்த வேலை ஏன் வந்தது? செம்பனையின் தாய்மண் மேற்கு ஆப்பிரிக்கா. நம் நாட்டில் வியாபாரத்துக்காக முதன்முதலில் 1917இல் கோலசிலாங்கூரில் நட்டார்கள். (தோட்டத்தின் பெயர் தென்னமரம், நட்டதோ செம்பனை!) மரம் வந்தது, அங்கே அதன் பூவை நாடிவரும் சின்ன வண்டு கூட வரவில்லை. காற்றே மகரந்தத்தைக் கொண்டுபோகிறது என்று நிபுணர்களும் நினைத்திருந்தார்கள். ரகுமான் சையது என்ற பூச்சியியல் அறிஞர் கெமரூன் நாட்டில் ஆராய்ந்து, அது வண்டின் வேலை என்று காட்டினார். ஆண் பூவின் சோம்பு வாசனைக்கு வண்டு வரும்; அங்கேயே தின்று முட்டையிடும்; பெண் பூவிலும் அதே வாசனை வர, ஏமாந்து அங்கும் போகும். அவ்வளவுதான் சூட்சுமம்.

வேறு பயிருக்குக் கெடுதல் இல்லை என்று சோதித்த பின், 1981 பிப்ரவரியில் ஜொகூர், குளுவாங் வட்டாரத்து மாமோர் தோட்டத்தில் வண்டை விட்டார்கள். சீக்கிரமே அது தானாகப் பரவிவிட்டது. 1981இல் சுமார் 28 லட்சம் டன்னாக இருந்த நாட்டின் செம்பனை எண்ணெய் 1982இல் சுமார் 35 லட்சம் டன். 1983இல் 30 லட்சத்துக்கு இறங்கினாலும் பழைய அளவுக்குப் போகவில்லை. புது நடவும் சேர்ந்த கணக்குதான் இது; ஆனாலும் வண்டின் பங்கு பெரிது.

தொழில் வளர்ந்தால் வேலையும் வளரும் என்று சொல்கிறார்களே, அதை இங்கே வைத்துப் பாருங்கள். குலை கனத்தது, வெட்டவும் சுமக்கவும் ஆள் தேவைப்பட்டது, ஆலைக்கும் வேலை கூடியது. அவை பெரும்பாலும் ஆண்களுக்கு. பவுடர் அடித்த கூலி தோட்டக் கணக்கில் மிச்சம் என்று ஏறியது. அதே காசு லயத்து வீட்டில் அரிசிக்கும் பள்ளிக்கூடச் சட்டைக்கும் போய்க்கொண்டிருந்த காசு. அதை யாரும் கணக்கில் எழுதவில்லை.

வண்டைக் குறை சொல்லி என்ன பயன்? பெண்களுக்கு மிஞ்சியது உதிரிப் பழம் பொறுக்குவது, உரம் போடுவது, புல்லுக்கு மருந்து அடிப்பது. அந்த மருந்து டின்னை முதுகில் சுமந்தவர்களைக் கேளுங்கள், பவுடர் வேலையே தேவலை என்பார்கள்.