காத்திருக்கும் வசதி: பி.எஃப். நிதியும் பங்குச் சந்தையில் ஒழுங்கும்

தில்லிக்கென்று ஒரு பங்குச் சந்தை இருந்தது. 1947இல் தொடங்கப்பட்டு ஆசஃப் அலி சாலையில் நெடுங்காலம் இயங்கிய அதன் அங்கீகாரத்தை 2014 நவம்பரில் செபி திரும்பப் பெற்றது. அடுத்த ஆண்டே, தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட வேறொரு நிறுவனம் இந்தியப் பங்குகளை மாதந்தோறும் வாங்கத் தொடங்கியது. அது தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி நிறுவனம். 2015 ஆகஸ்டில், புதிதாக வந்து சேரும் பணத்தில் 5 விழுக்காட்டைப் பங்குக் குறியீட்டு நிதிகளில் போட்டது. இந்த அளவு 2016இல் 10 ஆகவும் 2017இல் 15 ஆகவும் உயர்ந்தது.

சந்தை ஆட்டம் காணும்போது பதற்றப்படாமல் இருப்பதை மன உறுதி என்றே நாம் பேசிப் பழகியிருக்கிறோம். இந்த நிதியின் பத்தாண்டு அனுபவம் வேறொன்றைக் காட்டுகிறது என்பது என் வாதம். ஒழுங்கு என்பது முதலில் ஒரு வசதி, விற்காமல் காத்திருக்கும் வசதி. அந்த வசதி, பணத்தைப் பல இடங்களில் பிரித்து வைத்தவருக்கே வாய்க்கிறது.

தில்லியின் ஓக்லாவில் ஒரு பட்டறைத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாய். அவர் பங்கு 1,800. முதலாளி தரும் 1,800இல் 1,250 ஓய்வூதியத்துக்குப் போக, மீதி 550 பி.எஃப். கணக்கில் சேரும். ஆக மாதம் 2,350. அதில் 15 விழுக்காடு ஏறக்குறைய 352 ரூபாய். சந்தை ஏறியதா இறங்கியதா என்று அவர் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டியதும் இல்லை. 2020 ஜனவரி 14 அன்று 12,362இல் முடிந்த நிஃப்டி, மார்ச் 23 அன்று 7,610இல் முடிந்தது. அதே 352 ரூபாய்க்கு ஜனவரியில் கிடைத்ததைப்போல் 1.6 மடங்கு அலகுகள் கிடைக்கும் விலை அது. தொலைக்காட்சியில் சிவப்பு எண்கள் ஓடும் நாளில் தன் கையால் வாங்கத் துணிபவர் அரிது. விதி வாங்கிவிடும்.

வாங்குவது எளிய பாதி. அந்த மார்ச்சில் சோதிக்கப்பட்டது மற்றப் பாதி. மார்ச் 5 அன்று நிதியின் மத்திய அறங்காவலர் குழு 2019-20ஆம் ஆண்டுக்கு 8.5 விழுக்காடு வட்டி என்று பரிந்துரைத்திருந்தது. மூன்றே வாரங்களுக்குள் சந்தை சரிந்து, ஊரடங்கு வந்தது. மார்ச் இறுதியில், மூன்று மாதச் சம்பளம் அல்லது இருப்பில் 75 விழுக்காடு, இவற்றில் குறைவானதை எடுத்துக்கொள்ளலாம் என்று அரசு அனுமதித்தது. வேலை போனவர்கள் பணம் கேட்டு வந்த வேளை, பங்குகளை விற்க மிக மோசமான வேளையாகவும் இருந்தது.

நிதி அப்போது பங்குகளை நம்பி நிற்கவில்லை. அதன் பெரும்பகுதி அரசுக் கடன் பத்திரங்களிலும் பிற கடன் பத்திரங்களிலும் இருந்தது. செப்டம்பரில் குழு ஒரு கணக்கைச் சொன்னது: 8.15 விழுக்காடு கடன் பத்திர வருமானத்திலிருந்து, மீதி 0.35 பங்கு நிதி அலகுகளை விற்று டிசம்பருக்குள். சந்தை அதற்குள் மீண்டது. டிசம்பர் 31 அன்று 8.5 விழுக்காடும் சேர்த்தே வரவு வைக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. ஒன்பது மாதம் பொறுத்திருக்க நிதியால் முடிந்ததென்றால், அது அந்த 8.15இன் தயவு. பரவலாக்கம் லாபத்தைப் பெருக்கும் உத்தி என்று சொல்வதைவிட, தவறான நாளில் விற்க வேண்டிய கட்டாயத்திலிருந்து காப்பது என்று சொல்வதே பொருந்தும்.

எதிர்ச்சான்று ஒன்று உண்டு. 1964இல் தொடங்கிய யூனிட் டிரஸ்டின் யு.எஸ்.64 திட்டமும் நடுத்தரக் குடும்பங்களின் சேமிப்புதான். சந்தை மதிப்போடு ஒட்டாமல் தானே அறிவித்த விலைக்கு யூனிட்டுகளைத் திரும்ப வாங்கியது. ஆனால் அதன் பணத்தில் பெரும்பகுதி காலப்போக்கில் பங்குகளுக்குப் போயிருந்தது. சந்தை சரிந்தபின், 2001 ஜூலையில் விற்பனையையும் திரும்ப வாங்குவதையும் நிறுத்த வேண்டிவந்தது. அறிவித்த வட்டி தரும் பி.எஃப். நிதியும் ஏறக்குறைய அதே மாதிரியான வாக்கைத்தான் தருகிறது. வாக்கைக் காப்பாற்றும் பின்புலம் ஒன்றுக்கு இருந்தது, மற்றொன்றுக்குப் போதவில்லை.

தொழிலாளியின் பணத்தைச் சந்தையில் போடவே கூடாது என்று மத்தியத் தொழிற்சங்கங்கள் 2015இல் எதிர்த்தன. அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கடன் பத்திரமும் அபாயமற்றதல்ல. உள்கட்டமைப்பு நிதி நிறுவனமான ஐ.எல்.&எஃப்.எஸ். 2018இல் தவணை தவறுவதற்குச் சற்று முன்புவரை உச்சத் தரமதிப்பு பெற்றிருந்தது. பல ஓய்வூதிய, வைப்பு நிதிகள் அதன் பத்திரங்களை வைத்திருந்தன. ஒரே இடத்தில் குவிப்பதுதான் ஆபத்து. அந்த இடத்தின் பெயர் பங்கா பத்திரமா என்பது இரண்டாவது கேள்வி.

2020இல் என்னை உறுத்துவது வேறு: விற்று எடுக்கும் முன்பே வட்டி அறிவிக்கப்பட்டது. வாங்குவதற்கு விதி இருந்தது. விற்பதற்கு அவ்வப்போதைய முடிவே இருந்தது. தேசிய ஓய்வூதியத் திட்டத்தின் எல்.சி.50 தெரிவு இதைச் சரியாகக் கையாள்கிறது. 35 வயதுவரை 50 விழுக்காடு பங்கு, பின்னர் ஆண்டுக்கு 2 விழுக்காட்டுப் புள்ளியாகக் குறைந்து 55 வயதில் 10. சந்தை எந்த நிலையில் இருந்தாலும் வெளியேறும் வேகம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது.

2024 நவம்பர் 30 அன்று தில்லியில் கூடிய அறங்காவலர் குழு, பங்கு நிதி அலகுகளை விற்றுவரும் தொகையில் பாதியை மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களின் சி.பி.எஸ்.இ., பாரத் 22 ஆகிய இரு குறியீட்டு நிதிகளில் மீண்டும் முதலீடு செய்ய ஒப்புதல் தந்தது. குறைந்தது ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும். ஐந்தாண்டு என்ற நிபந்தனை வரவேற்கத்தக்கது. இடம்தான் குறுகல். சி.பி.எஸ்.இ. நிதியில் இருப்பவை பெரும்பாலும் என்.டி.பி.சி., ஓ.என்.ஜி.சி., கோல் இந்தியா, நெய்வேலியின் என்.எல்.சி. போன்ற எரிசக்தி நிறுவனங்கள். இரண்டு நிதிகளுமே அரசு தன் பங்குகளை விற்பதற்காக உருவாக்கியவை. எதை விற்க வேண்டும் என்ற அரசின் தேவை தீர்மானித்த பட்டியலை, எதை வாங்க வேண்டும் என்று யோசிக்கும் தொழிலாளியின் நிதி அப்படியே ஏற்க முடியாது. பாரத் 22இல் உள்ள ஐ.டி.சி., எல்.&டி., ஆக்சிஸ் வங்கிப் பங்குகள் அரசிடம் வந்ததே, யூனிட் டிரஸ்ட் உடைந்தபின் அதன் சொத்துகளைப் பார்த்துக்கொள்ள அமைந்த அமைப்பின் வழியாகத்தான். 2001இல் காத்திருக்க முடியாமல்போன அந்தச் சேமிப்பின் எச்சம், இன்று ஓக்லாத் தொழிலாளியின் கணக்கில் வந்து சேர்கிறது.