கேட்ட எழுத்து… கிடைத்த சொல்!



ஈப்போவில் நான் பணியாற்றும் பள்ளியில், ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆங்கிலப் பாடத்தில் ஒரு பயிற்சி கொடுக்கப்பட்டிருந்தது. 'ஐ, ஜி, எச், டி' என்னும் நான்கு எழுத்துகளும் அதே வரிசையில் அடங்கிய சொற்களைத் தேடி எழுத வேண்டும். லைட், நைட், ரைட், ஃபைட் எனப் பிள்ளைகள் அடுக்கிக்கொண்டே போனார்கள்.

அன்று மாலை, பயிற்சி ஏட்டைப் புரட்டிப் பார்த்த தந்தை ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, மூளைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியெல்லாம் ஆங்கிலத்தில்தானே இருக்கிறது? தமிழில் மனப்பாடம் மட்டும்தானே?"

அவர் குறை சொல்லவில்லை; உண்மையாகவே அப்படி நம்பினார். ஆனால், எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. தமிழாசிரியனாகிய எனக்கு அது தலைகுனிவாகவே இருந்தது. அதன்பின் தேடிப் படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஒலி போனது, எழுத்து நின்றது

முதலில் ஆங்கிலத்தைப் பார்ப்போம். அந்த நான்கு எழுத்துகளில் 'ஜி, எச்' இரண்டும் இன்று ஒலிப்பதில்லை. பிறகு ஏன் எழுதுகிறார்கள்? பழைய ஆங்கிலத்தில் அவ்விடத்தில் ஓர் உரசொலி இருந்தது. அதற்கு உறவான ஒலியை, இரவைக் குறிக்கும் 'நாஹ்ட்' என்னும் ஜெர்மன் சொல்லில் இன்றும் கேட்கலாம். 1476இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் நிறுவினார். அச்சுத்தொழில் பரவப் பரவ, எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல நிலைபெற்றது. ஒலி தேய்ந்து மறைந்தது, எழுத்தோ நின்றுவிட்டது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மகிழ்ச்சியைக் குறிக்கும் 'டிலைட்' என்பது பிரெஞ்சு வழியாக வந்த சொல். அந்த உரசொலி அதில் என்றுமே இருந்ததில்லை. 16ஆம் நூற்றாண்டில் 'லைட்' என்னும் சொல்லைப் பார்த்து இதற்கும் அவ்விரு எழுத்துகளைச் சேர்த்துவிட்டார்கள்! எண்ணைக் குறிக்கும் 'எய்ட்' என்னும் சொல்லிலும் அந்நான்கு எழுத்துகள் உண்டு. ஓசை மட்டும் வேறு. ஆகவே, ஆங்கிலத்தில் எழுத்தைக் கண்டுபிடித்தால் ஓசையையும் கண்டுபிடித்துவிட்டதாகக் கொள்ள முடியாது.

சொற்களை ஈற்றெழுத்துகளின்படி தொகுக்கும் முயற்சியும் அங்கே பழையதே. 1570இல் பீட்டர் லெவின்ஸ் அவ்வாறு ஓர் அகராதி செய்தார். 1775இல் ஜான் வாக்கரின் அகராதி வந்தது. ஆங்கிலப் பாவலர்க்கு ஓசை ஒத்து வருவது பெரும்பாலும் அடியின் இறுதியில். ஆதலால் சொல்லின் கடைசியைப் பிடித்துத் தேடினார்கள்.

நம் முன்னோர் தேடிய இடம்

தமிழ்ப் பாவலர்க்கோ எதுகை முதன்மையானது. முதலெழுத்து அளவொத்து நிற்க, இரண்டாம் எழுத்து ஒன்றிவர வேண்டும். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்னும் பழமொழியில் 'ஆடி', 'தேடி' என வருவதைப் பாருங்கள். எனவே, நம்மவர் சொல்லின் உள்ளே, இரண்டாம் எழுத்தைப் பிடித்துத் தேடினார்கள்.

மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டில் பன்னிரண்டு தொகுதிகள் உள்ளன. அவற்றுள் பதினோராவது, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறுவது. அதில் சொற்கள் ககர எதுகை முதலாக, இரண்டாம் எழுத்தின்படியே வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் இந்நிகண்டை மனப்பாடம் செய்தார்கள். ஆம், மனப்பாடம்தான்! ஆனால், அது வெறும் மனப்பாடம் அன்று. எழுத்தைச் சொன்னால் சொல்லை எடுத்துத்தரும் ஒரு பேழையை நெஞ்சில் அமைத்துக்கொண்டார்கள்.

முதலெழுத்து வரிசையில் தேடும் முறையை 1594இல் சிதம்பர ரேவண சித்தரின் அகராதி நிகண்டு கொண்டுவந்தது. ஆங்கிலச் சொற்களுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறிய முதல் அகராதி எனப்படும் இராபர்ட் காட்ரியின் நூல் வெளிவந்தது 1604இல்தான். பின்னர் 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியைத் தொகுத்தார். பெயர், பொருள், தொகை, தொடை என அதற்கு நான்கு பிரிவுகள். நான்காவதான தொடையகராதி, எதுகைச் சொற்களைத் தேடி எடுப்பதற்கென்றே அமைந்தது. அந்தத் தந்தை கேட்ட கேள்விக்கு விடை ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாக நம் வீட்டிலேயே இருந்திருக்கிறது!

தோட்டத்துச் சொற்கள்

விடை கிடைத்தது, வகுப்பில் அதைப் பயன்படுத்த வேண்டாமா? "முதலில் குறில், இரண்டாவது 'ட்'. இப்படிப்பட்ட சொற்களை வீட்டில் கேட்டு எழுதி வாருங்கள்" என்றேன். கட்டு, தட்டு, எட்டு எனப் பலர் எழுதி வந்தார்கள். ஒரு மாணவி மட்டும் தன் பாட்டியிடம் கேட்டு வந்தாள். அவள் ஏட்டில் இருந்தவை: வெட்டு, பட்டை, சொட்டு, ஒட்டுப்பால், கட்டிப்பால், கொட்டகை.

நான் வியந்து நின்றேன். ஒரு பால்மரத் தோட்டமே அந்தப் பட்டியலில் இருந்தது! வெட்டிய பட்டையில் வழிந்து காய்ந்து ஒட்டியிருப்பது ஒட்டுப்பால். மங்கில் உறைந்து கிடப்பது கட்டிப்பால். என் தந்தையும் பால்மரம் சீவியவர்தாம். அச்சொற்களைக் கேட்டு வளர்ந்த நான், அவற்றை ஒருநாளும் கரும்பலகையில் எழுதியதில்லை.

நம் பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் 1877இல் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. தோட்டங்கள் பெருகின, நம்மவர் வந்தார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பின்னாளில் பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின; குடும்பங்கள் பட்டணம் வந்து சேர்ந்தன. மரங்களோடு அச்சொற்களும் மறைந்து வருகின்றன. அவற்றை நன்கறிந்த பாட்டிமார், தாத்தாமார் சிலரே இன்று நம்மிடையே இருக்கிறார்கள்.

பெற்றோர்களே, ஆங்கிலப் பயிற்சியைக் குறைக்கச் சொல்லவில்லை. அதுவும் வேண்டும். அதே ஏட்டின் மறுபக்கத்தில் தமிழில் ஓர் எழுத்தைக் கொடுங்கள். பிள்ளைகளை அகராதியிடம் அனுப்புங்கள். அதற்கு முன் பாட்டியிடம் அனுப்புங்கள். ஆசிரியர்களே, பிள்ளைகள் கொண்டுவரும் சொற்களைத் தேதியிட்டு ஓர் ஏட்டில் தொகுத்து வையுங்கள்.

அந்தத் தந்தையை மறுவாரம் சந்தித்தேன். அந்த மாணவியின் பட்டியலைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஒட்டுப்பால்… என் அம்மா பொறுக்கிய பால், ஐயா" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.