புலம்பல் நூலில் நம்பிக்கையின் இடம்

1. பொருள் வரையறை

துன்பத்தினூடே நம்பிக்கை என்னும் பொருளை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் யோபுவை அல்லது பவுலின் நிருபங்களைக் கையில் எடுப்பர். நாம் எடுத்துக்கொள்வது பழைய ஏற்பாட்டின் புலம்பல் நூலை. ஐந்து பாடல்களும் 154 வசனங்களும் கொண்ட சிறு நூல் அது. கி.மு. 587 அல்லது 586-இல் நேபுகாத்நேச்சாரின் படையிடம் எருசலேம் வீழ்ந்ததே அதன் களம். எபிரேய மூலத்தில் ஆசிரியர் பெயர் இல்லை; செப்துவஜிந்து என்னும் கிரேக்க மொழிபெயர்ப்பே ஒரு முன்னுரை சேர்த்து அதை எரேமியாவுக்கு உரியதாக்கியது. ஆசிரியர் யார் என்னும் வழக்கை விடுத்து, நூலின் வைப்புமுறையை மட்டும் நோக்குவோம்.

புலம்பல் என்பது இழப்பை ஒருவர் முன்னிலையில் முறையிடுதல். தொல்காப்பியர் காஞ்சித்திணையில் வைத்த கையறுநிலையும் அழுகையே. ஆனால் அது மறுமொழியை வேண்டி நிற்பதில்லை. இந்நூலோ, தன்னை அடித்தவர் என்று தான் கருதும் கடவுளையே விளித்து அழுகிறது.

நம்பிக்கையை இரு வகையாகக் கொள்வோம். துயர் நீங்குவதற்கான அறிகுறி கண்டபின் எழுவது விளைவு நம்பிக்கை. அறிகுறி ஒன்றும் இல்லாதபோதும் ஒருவரைப் பற்றி நிற்பது பற்று நம்பிக்கை. புலம்பல் நூல் காட்டுவது இரண்டாம் வகையை. அதைக் கருத்தால் மட்டுமன்றிக் கட்டமைப்பாலும் காட்டுகிறது என்பதே நம் கோள்.

2. கட்டமைப்பு

எபிரேய நெடுங்கணக்கில் 22 எழுத்துகள் உள்ளன. முதல் நான்கு பாடல்கள் அவ்வரிசையைப் பின்பற்றுகின்றன. இதனை எழுத்து முறைவைப்பு என்போம். முதலிரு பாடல்களில் எழுத்துக்குப் பெரும்பாலும் மூன்றடி. முதலடி மட்டுமே உரிய எழுத்தில் தொடங்கும். மூன்றாம் பாடலில் மூன்றடிகளும் அவ்வெழுத்திலேயே தொடங்குவதால் வசனங்கள் 66 ஆகின்றன. நான்காம் பாடலில் எழுத்துக்கு இரண்டடி. ஐந்தாம் பாடலில் 22 வசனங்கள் இருந்தும் எழுத்து வரிசை இல்லை.

ஆக, ஒழுங்கு மூன்றாம் பாடலில் உச்சம் பெற்றுப் பின் தளர்ந்துபோகிறது. நம்பிக்கை மொழி ஒலிப்பதும் அம்மூன்றாம் பாடலின் நடுப்பகுதியில்தான். துன்பத்தின் முடிவில் கிடைக்கும் பரிசாக நம்பிக்கையை எண்ணியிருந்தால், புலவர் அதை ஐந்தாம் பாடலுக்கு ஒதுக்கியிருப்பார்.

3. நம்பிக்கை எழும் முறை

மூன்றாம் பாடலின் 18-ஆம் வசனத்தில் பேசுபவர் தம் நம்பிக்கை அழிந்தது என்கிறார். 21-இல் நம்பிக்கை கொள்வேன் என்கிறார். இடையில் பகைவர் விலகவில்லை, ஓர் அப்பமும் வரவில்லை. நிகழ்ந்தது நினைத்தல் ஒன்றே. 19, 20 வசனங்களில் அவர் நினைப்பது எட்டியைப் போலக் கசந்த தம் சிறுமையை. அந்நினைவு தாழ்த்திய உள்ளத்திலேயே கடவுளின் இரக்கமும் நினைவுக்கு வருகிறது. ஆகவே முதற்காரணம் நினைவின் திருப்பம். கசப்பை மறந்தால் நம்பிக்கை வரும் என்று ஆறுதல் சொல்வோருக்கு இப்பகுதி இடங்கொடாது.

இரண்டாவது, இந்நம்பிக்கை தன்னைப் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை. வாயைப் புழுதியில் வைக்கச் சொல்லும் 29-ஆம் வசனத்தில் அது ‘ஒருவேளை’ என்னும் அளவிலேயே பேசுகிறது. உரைகாரர் பலர் கடவுளின் இரக்கத்தை உறுதியாகச் சொல்லும் 22, 23 வசனங்களில் நெடுநேரம் தங்கிவிட்டு இந்த ‘ஒருவேளை’யை விரைந்து கடப்பது வியப்பே. உறுதிமொழிக்குச் சில வசனங்களுக்குள் இச்சொல் வந்துவிடுகிறது. 44-இல் மன்றாட்டு ஊடுருவ முடியாதபடி கடவுள் மேகத்தால் தம்மை மூடிக்கொண்டார் என்ற முறையீடும் மீள்கிறது.

மூன்றாவது காரணம் விளிப்பு. தேற்றுவார் இல்லை என்னும் குறை முதற்பாடலில் மட்டும் ஐந்து முறை வருகிறது. நூல் முழுவதிலும் கடவுள் பேசியதாக வருவது மூன்றாம் பாடலின் 57-ஆம் வசனத்தில் ஒரே முறை: அஞ்ச வேண்டாம் என்பது. அதுவும் பேசுபவர் தாமே எடுத்துரைப்பது. குழியில் கிடந்து கூப்பிட்ட அந்நிகழ்ச்சி முன்னர் நடந்ததா, இனி நடக்க வேண்டுவதா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. எதுவாயினும், கூப்பிடுதல் நிற்கவில்லை.

4. புதுப்பித்தல்

மூன்றாம் பாடலின் 23-ஆம் வசனம் காலைதோறும் புதியது என்று சொல்வது கடவுளின் இரக்கத்தை; மனிதரின் நிலைமையை அன்று. நிலைமை புதிதாவதோ ஐந்தாம் பாடலின் 21-இல், எங்கள் நாள்களைப் பண்டுபோலப் புதுப்பியும் என்னும் வேண்டுதலாகவே நிற்கிறது. 22-ஆம் வசனம் கடவுள் முற்றிலும் வெறுத்துவிட்டாரோ என்ற ஐயத்தோடு நூலை முடிக்கிறது. ஆப் மாதம் ஒன்பதாம் நாள் நோன்பில் இதை வாசிக்கும் யூதர், இறுதி வசனத்துக்குப்பின் 21-ஐ மீண்டும் படிப்பது வழக்கம்.

பவுல் இவ்விரு புதுமைகளையும் ஒரே காலத்தில் வைக்கிறார். 2 கொரிந்தியர் 4:16-இன்படி, புற மனிதர் அழிந்துகொண்டிருக்கும்போதே அக மனிதர் நாள்தோறும் புதிதாகிறார். ஆசியாவில் உயிர் பிழைப்போம் என்ற எண்ணமே அற்றுப்போனதை அதே நிருபத்தின் தொடக்கத்தில் எழுதியவர் அவர்.

இங்கே ஒரு தடை எழும். ரோமர் 5:3, 4 வசனங்களில் உபத்திரவம், பொறுமை, பரீட்சை என்னும் படிகளுக்குப் பின் நம்பிக்கை வருகிறதே, அது விளைவு நம்பிக்கை அன்றோ? அன்று. இரண்டாம் வசனத்திலேயே பவுல் நம்பிக்கையில் நின்றுகொண்டுதான் பேசத் தொடங்குகிறார். அப்படிகள் அதைப் பிறப்பிப்பதில்லை, திடப்படுத்துகின்றன.

5. வழிபாட்டு ஒழுங்கு

இலத்தீன் திருச்சபை புனித வாரத்தின் இறுதி மூன்று நாள்களுக்குரிய தெனெப்ரே வழிபாட்டில் இந்நூலைப் பாடி வந்தது. ஆலெப், பேத் என்னும் எபிரேய எழுத்துப் பெயர்களையும் விடாமல் இழுத்துப் பாடினர். ஒவ்வொரு வாசகமும் எருசலேமைக் கடவுளிடம் திரும்ப அழைக்கும் தொடரால் முடிந்தது. முக்கோணத் தண்டிலுள்ள 15 மெழுகுதிரிகள் ஒவ்வொன்றாக அணையும். கடைசித் திரியை மட்டும் அணைக்காமல் மறைத்துவைப்பர்.

வாசகங்களின் வரிசையே நமக்கு முக்கியம். பெரிய வெள்ளியின் மூன்றாம் வாசகம் மூன்றாம் பாடலின் தொடக்கம். இரக்கத்தைப் பேசும் 22 முதல் 30 வரையுள்ள வசனங்கள், ‘ஒருவேளை’ உட்பட, பெரிய சனியின் முதல் வாசகம். அதாவது இயேசு கல்லறையில் இருக்கும் நாளில். அதனோடு நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. இரண்டாம் வாசகம் பொன் மங்கியதைப் பாடும் நான்காம் பாடலுக்குப் போகிறது. மூன்றாம் வாசகம் ஐந்தாம் பாடலின் முதல் 11 வசனங்கள்: சொந்தத் தண்ணீரைக் காசுக்கு வாங்கிக் குடிப்பதும், விறகுக்கு விலை கொடுப்பதும் அதில் உண்டு. புதுப்பியும் என்னும் வசனத்தை வாசகம் எட்டுவதே இல்லை. அதற்குரிய மறுமொழியை நூலுக்குள் செருகாமல், அந்நாளுக்குப் பின்வரும் உயிர்ப்புத் திருவிழிப்புக்கே திருச்சபை விட்டுவைத்தது.