கூட்டலும் பெருக்கலும்: கொட்டியாரக் குடாவிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

இரு கணியங்களை ஒப்பிடுவதற்குக் கணிதத்திலே இரு வழிகள் உள. ஒன்று மற்றையதிலும் எவ்வளவு கூட என வினவுவது ஒரு வழி; எத்தனை மடங்கு என வினவுவது மறுவழி. முன்னதன் விடை வித்தியாசம்; பின்னதன் விடை விகிதம். கனிஷ்ட இடைநிலை வகுப்புகளில் ஒரு பாட அலகாகக் கற்பிக்கப்படும் இவ்வேறுபாடு, உழவரின் களத்திலும் கடன்பத்திரத்திலும் நெடுங்காலம் வாழ்ந்து வந்ததொன்றாகும். அதன் வரலாற்றுத் தடங்கள் சிலவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழர்தம் அளவை முறைகள் மடங்குணர்வின் மேலே எழுந்தவை. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. பன்னிரண்டு குறுணி ஒரு கலம். திண்ணைப் பள்ளி மாணவன் எண்சுவடியை மனனஞ் செய்தபோது இம்மடங்குகளும் அவன் நாவிற் பதிந்தன. காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் பலாப்பழத்தைப் பிளவாமலே அதன் சுளைகளைக் கணக்கிட ஒரு விதி கூறுகின்றது. காம்பைச் சூழ்ந்த சிறுமுட்களை எண்ணி, ஆறாற் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும் என்பது அது. முள் 50 ஆயின் சுளை 60. முள் 100 ஆயின் சுளை எத்தனை? முன்னர்ப் பத்துக் கூடியதால் இப்போதும் பத்தே கூடும் எனக் கொள்பவன் 110 என்பான். விதி தரும் விடை 120. விதி இயற்கைக்கு எவ்வளவு பொருந்தும் என்பது வேறு வினா. அது பயிற்றும் சிந்தனை விகிதச் சிந்தனை என்பதில் ஐயமில்லை. கி.பி. 499இல் ஆரியபட்டர் தந்த மூவெண் விதியும் இவ்வழிப்பட்டதே.

இவ்வேறுபாடு மனித வாழ்வை எவ்வளவு தொட்டதென்பதற்குக் கொட்டியாரக் குடாவோடு தொடர்புடைய ஒருவரே சான்று தருகின்றார். புயலிற் சிதைந்த கப்பலைச் செப்பனிட இக்குடாவை அடைந்த ஆங்கிலேயருள் ஒருவரான றொபேட் நொக்ஸ் 1660இல் கண்டியரசனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டார். 1679இல் தப்பிய அவர் 1681இல் வெளியிட்ட நூலிலே கண்டி இராச்சியத்தின் நெற்கடன் வழக்கை விவரித்துள்ளார். வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு ஐம்பது. இரண்டாண்டில் கடன் இருமடங்காகும். அதன்பின் எத்தனை காலம் சென்றாலும் வட்டி ஏறாது. ஏழைகளின் பொருட்டு அமைந்த பாதுகாப்பாகவே அவர் இதனைக் கண்டார்.

இதன் பெறுமதியைக் கணக்கிட்டு உணரலாம். பத்து மரக்கால் நெல்லைக் கடன் பெற்றவன் இவ்வழக்கின்படி எக்காலத்தும் இருபது மரக்காலுக்கு மேற் கொடுக்க வேண்டியதில்லை. எல்லையின்றித் தனிவட்டி ஏறின் ஐந்தாம் ஆண்டிறுதியில் கடன் முப்பத்தைந்து மரக்கால். வட்டிக்கும் வட்டி ஏறின் அது ஏறத்தாழ எழுபத்தாறு மரக்கால். முதலும் வட்டிவீதமும் ஒன்றே. ஒன்று கூட்டல் விருத்தி, மற்றையது பெருக்கல் விருத்தி. இவ்விரண்டினதும் இடைவெளியிலேதான் குடும்பங்கள் வயலை இழந்தன.

இன்றைய மாணவர் இவ்விடத்தில் தடுமாறுவது ஏன்? 1970களில் அமெரிக்கரான றொபேட் கார்பிளஸ் ஓர் எளிய வினாவால் இதனை ஆராய்ந்தார். குள்ளரின் உயரம் பொத்தான்களால் நான்கு. நெட்டரின் உயரம் ஆறு. கடதாசிக் கவ்விகளால் அளப்பின் குள்ளர் ஆறு, நெட்டர் எத்தனை? சரியான விடை ஒன்பது. இரண்டைக் கூட்டி எட்டு என்றோர் பலர். கீழ்வகுப்புகளில் வெற்றி தந்த கூட்டலை மாணவர் பொருந்தாத இடத்துக்கும் கொண்டு செல்கின்றனர் என்பது இதனாற் புலனாகும். ஆயினும், 1990இல் சிலீமன், நூனெஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, சிறிதே பள்ளிக்கல்வி பெற்ற பிரேசில் மீனவர் விலையையும் துப்புரவாக்கிய கடலுணவின் நிறையையும் பற்றிய விகிதக் கணக்குகளைச் சரிவரச் செய்தமையைக் காட்டிற்று. எனவே குறைபாடு அறிவில் அன்று. பாடம் தொழிலினின்றும் பிரிந்து நிற்பதிலேயே உளது எனலாம்.

குடாவின் தென்கரையிலுள்ள சம்பூருக்கு இவ்வுண்மை பெரிதும் பொருந்தும். வயலும் கடலும் அவ்வூரின் வாழ்வு. 2006இல் போரினால் இடம்பெயர்ந்த அவ்வூர் மக்கள் 2015 முதலே தம் நிலத்துக்கு மீளத் தொடங்கினர். போரின் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் பல குடும்பங்களை வருத்தியமையால், 2018இல் அரசு கடன் நிவாரணத் திட்டமொன்றை அறிவிக்க நேர்ந்தது. நொக்ஸ் கண்ட வழக்குக் கடனுக்கு ஓர் எல்லை வகுத்திருந்தது. அத்தகைய எல்லை இல்லாத கடனிலே, கையொப்பமிடுமுன் கணக்கிட அறிந்திருத்தலே எளியோர்க்குரிய காப்பு.

ஆதலின், விகிதம் என்னும் பாடம் சம்பூர் போன்ற ஊர்களிலே விதைநெல்லிலும் வலையிற்பட்ட மீனிலும் கடனிலும் தொடங்குதல் வேண்டும். எவ்வளவு கூட என்று மட்டுமே கேட்கப் பழகிய பிள்ளை எத்தனை மடங்கு என்றும் கேட்கத் தொடங்கும் நாளிலேதான் கணிதம் அதன் வாழ்வுக்குத் துணையாகும்.