திரிபியூனும் ஊராட்சித் தலைவரும்

தொப்பம்பட்டி ஒன்றியத்தில் உள்ளாட்சித் தேர்தல் வேலைக்குப் போகும் தம்பி, தங்கைகள் 'திரிபியூன்' என்ற பழைய ரோமப் பதவியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என நினைக்கிறோம்.

லத்தீனில் 'திரிபுஸ்' என்பது ரோம மக்களைப் பிரித்து வைத்திருந்த பிரிவு. அந்தச் சொல்லிலிருந்து வந்தது 'திரிபியூனுஸ்'. படையிலும் அந்தப் பெயரில் அதிகாரிகள் இருந்தார்கள். நமக்கு முக்கியமானவர் மக்கள் திரிபியூன்.

கி.மு. 494-இல், கடனுக்கு அடிமையாகிக் கிடந்த பிளெபியர் என்னும் எளிய மக்கள், "இனி உங்கள் போருக்கு வர மாட்டோம்" என்று நகரத்தை விட்டு வெளியேறி ஒரு குன்றில் போய் உட்கார்ந்தார்கள் என்கிறது ரோம மரபு. இறங்கிவந்த மேட்டுக்குடியினரிடம் அவர்கள் பெற்றதுதான் இந்தப் பதவி. பிளெபியர் மட்டுமே அதில் அமரலாம். அதிகாரிகளின் ஆணையைத் திரிபியூன் தடுத்து நிறுத்தலாம். 'தடுக்கிறேன்' என்று பொருள்படும் 'வீட்டோ' லத்தீன் சொல்தான். திரிபியூன் மீது கை வைப்பவனைச் சும்மா விடமாட்டோம் என்று மக்கள் சத்தியம் செய்திருந்தார்கள். பதவியின் பலம் அந்தச் சத்தியத்தில் இருந்தது.

ரோமின் இன்னொரு பதவியான கான்சல் பற்றி 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அண்ணல் அம்பேத்கர் பேசுகிறார். பிளெபியரும் கான்சல் ஆகலாம் என்றானது. ஆனால் தெய்வம் ஏற்றுக்கொண்டவர்தான் பதவியேற்க முடியும். தெய்வத்தின் விருப்பத்தைச் சொல்லும் பூசாரிகளோ மேட்டுக்குடியினர். அதனால் மேட்டுக்குடிக்கு வளைந்து கொடுப்பவரே பதவிக்கு வந்தார் என்கிறார் அம்பேத்கர்.

இங்கே என்ன நடந்தது? 1996-இல் மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. வென்று தலைவரான முருகேசன் 1997 ஜூன் 30 அன்று பேருந்தில் ஊர் திரும்பும்போது வெட்டிக் கொல்லப்பட்டார். அவருடன் ஐந்து பேரும் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 2006 வரை தேர்தலையே முறையாக நடத்த முடியவில்லை.

கொலை இல்லாத ஊரிலும் தடை உண்டு. ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும். ஆதிக்கச் சாதித் துணைத் தலைவர் கையெழுத்துப் போட மறுத்தால், தலித் தலைவரால் ஒரு தெருவிளக்கைக்கூட மாற்ற முடியாது. ரோமில் எளியவர் கையில் இருந்த வீட்டோ, இங்கே வலியவர் கையில் இருக்கிறது.

ஒதுக்கீடு பதவியைத் தரும். பதவியைக் காப்பது பின்னால் நிற்கும் மக்கள். ஓட்டுப் போட்டதோடு வேலை முடிந்தது என்று போய்விடாதீர்கள். கிராம சபைக்குப் போங்கள். தலைவருக்கு நாற்காலி போட்டிருக்கிறார்களா, காசோலை யாரிடம் நிற்கிறது என்று கேளுங்கள். நம் தலைவர் தனியாக நிற்கக் கூடாது.

ஜெய்பீம்!