கெகலுக்கு முன்னாடி ஒரு நடனக்காரி

ஸ்கேன்ல ரெட்டைன்னு சொன்ன அன்னிக்கு ரங்கமணிக்கு வாயெல்லாம் பல். எனக்குத்தான் வயித்தக் கலக்கிச்சு. அஞ்சாம் மாசமே ஏழு மாச வயிறு. ஒரு நாள் தும்மினேன்... புரிஞ்சிருக்கும், விடுங்க :-(

டாக்டரம்மா பிசியோதெரபிஸ்ட்கிட்ட அனுப்பினாங்க. மூத்திரத்தை அடக்குற மாதிரி இடுப்புத்தளத் தசைகளை மேல்நோக்கி இறுக்கணும், சில நொடி பிடிக்கணும், அப்புறம் முழுசா தளர விடணும். பிரசவ நேரத்துல இந்தத் தளர விடுறதும் முக்கியமாம். "இதான் கெகல் பயிற்சி"ன்னாங்க.

யாருப்பா இந்தக் கெகல்னு கூகிளாண்டவரைக் கேட்டதில் கிடைத்த கதை இது.

ஆர்னால்ட் கெகல், அமெரிக்க மகளிர் மருத்துவர். பிரசவத்துக்குப் பிறகு சிறுநீர் கசியும் பெண்களுக்கு ஆபரேஷன் இல்லாமல் வழி தேடினார். வாயால் சொன்னால் பலருக்கு எந்தத் தசை என்றே பிடிபடவில்லை. அதனால் பெரினியோமீட்டர் என்ற கருவியைச் செய்தார். உள்ளே வைத்து இறுக்கினால் அழுத்தத்துக்கு ஏற்ப முள் நகரும். 1948-ல் கட்டுரை வந்தது. பெயரும் நிலைத்துவிட்டது.

ஆனா அதுக்கு 12 வருஷம் முன்னாடியே, 1936-ல், மார்கரெட் மோரிஸ் என்ற பிரிட்டிஷ் நடனக் கலைஞர் கர்ப்பிணிகளுக்கான பயிற்சிப் புத்தகத்தில் இதைச் சேர்த்திருக்கிறார். பிசியோதெரபியும் படிச்சவங்க. பேரை மட்டும் கெகல் தட்டிட்டுப் போயிட்டார்!

2003-ல் வெளியான நார்வே ஆய்வில் தலைப்பிரசவக்காரர்கள் 301 பேர். கர்ப்பத்திலேயே 12 வாரம் பயிற்சி செய்தவர்களில் 36-ஆம் வாரத்தில் கசிவு 32 சதவீதம். செய்யாதவர்களில் 48. எல்லாருமே ஒத்தைப் பிள்ளை சுமந்தவர்கள். ரெட்டைக்காரிக்கு அங்கயும் இடமில்லை! ஆனாலும் பாரம் கூடினா தாங்குற தசைக்கும் பலம் வேணுமேன்னு விடாம செஞ்சேன். கடைசியில் சிசேரியன்தான் ஆச்சு. செஞ்சது வீண்னு தோணல. மாசக்கணக்கா ரெண்டு பேரைத் தாங்கினது அந்தத் தசைதானே?

இதையெல்லாம் அம்மாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "நீ பொறந்ததுலேர்ந்து எனக்கும் அப்படித்தான்டி"ன்னாங்க. முப்பத்திரண்டு வருஷமா எந்தக் கல்யாண வீட்டுலயும் அம்மா ஏன் வாசலோர நாற்காலியே தேடுவாங்கன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சது.

இப்போ சீரியல் விளம்பர இடைவேளையில ரெண்டு பேரும் சேர்ந்தே பயிற்சி. வெளியே ஒண்ணும் தெரியாது :-)

டிஸ்கி: ரெட்டைன்னா உங்க டாக்டரைக் கேட்டுட்டு ஆரம்பிங்க. மூத்திரம் போகும்போதே நிறுத்திப் பழகாதீங்க.